கம்ப்ரசருக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போதுமா, 6 வேண்டுமா: ஒரு வயர் மாற்றத்தின் பதிவு

பட்டறையில் இருக்கும் 3 குதிரைத்திறன் கம்ப்ரசர், தொட்டியில் 6 பார் காற்று நிற்கும்போதும் இப்போது பகலில் ஒரு நொடிக்குள் முழு வேகத்தை எட்டிவிடுகிறது. இதே மோட்டார், இதே அழுத்தத்தில், முன்பு மூன்று நொடிக்கும் மேலாக முனகிக்கொண்டே மெதுவாக வேகம் பிடிக்கும். சில நேரங்களில் சுழலாமலே நின்று ஓவர்லோடு பொத்தான் வெளியே துள்ளும். வேறு சில நேரங்களில் மின்பேனலில் உள்ள எம்.சி.பி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். மோட்டாரும் பம்பும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியவை, பேனலிலிருந்து பட்டறை வரை 32 மீட்டர் ஓடும் வயர், அதன் இரு முனைகளிலும் உள்ள இணைப்புகள், அந்தச் சர்க்கியூட்டின் எம்.சி.பி ஆகியவை மட்டுமே. எங்கே தேடினேன், எதை அளந்தேன், 4 சதுர மி.மீ. போதாது என்றும் 10 வேண்டியதில்லை என்றும் எந்த எண்களை வைத்து முடிவு செய்தேன் என்பதை, அளவுகள் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள விவரம் இது: 2.2 கிலோவாட், ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், முழு லோடில் 15 ஆம்பியர். ஸ்டார்ட் கெபாசிட்டர், ரன் கெபாசிட்டர் இரண்டும் தனித்தனியாக உள்ள வகை. அழுத்த சுவிட்ச் 6 பாரில் மோட்டாரை இயக்கி 8 பாரில் நிறுத்துகிறது. பழைய வயரிங் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 20 மி.மீ. பி.வி.சி பைப்புக்குள், பாதி தூரம் சுவரோரமாகவும் மீதி தூரம் தகரக் கூரைக்குக் கீழாகவும் சென்றது. பேனலில் பி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி, பட்டறை முனையில் 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் இருந்தன. பார்த்த அளவில் குறை சொல்ல எதுவும் இல்லை. 15 ஆம்பியர் எடுக்கும் இயந்திரத்துக்கு 2.5 சதுர மி.மீ. என்பது பலரும் கேட்டவுடனே சொல்லும் விடைதான்.

கோளாறு எப்போது தோன்றுகிறது என்பதைக் கவனித்ததே முதல் தடயம். தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் தயக்கமின்றிக் கிளம்பியது. 8 பாரில் நின்று, காற்றைச் செலவழித்து 6 பாருக்கு இறங்கிய பிறகு மறுபடி கிளம்பும்போதுதான் முனகல் வந்தது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதும், மாலையில் பேனலிலேயே வோல்டேஜ் இறங்கியிருக்கும்போதும் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அதாவது, கிளம்பும் கணத்தில் மோட்டாருக்கு வேண்டிய முறுக்குவிசைக்கும் கிடைக்கும் முறுக்குவிசைக்கும் இடையே மிச்சம் என்று எதுவும் இருக்கவில்லை.

முனகிக்கொண்டு சுழலாத ஒற்றை ஃபேஸ் மோட்டாரைக் கண்டால் எல்லோருக்கும் போலவே எனக்கும் முதலில் ஸ்டார்ட் கெபாசிட்டர் மேல்தான் சந்தேகம் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெபாசிட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இருபது நொடி பிடித்து, மீதமிருந்த மின்னூட்டத்தை வடித்த பிறகே அதைக் கழற்றினேன். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளையும் தொட்டுப் பொறி கிளப்பி வடிப்பது கெபாசிட்டருக்கும் கைக்கும் நல்லதல்ல. 250 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டரில் 240 காட்டியது; அது நல்ல நிலையில் உள்ள அளவு. அந்த இடத்திலேயே சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். லோடில்லாத நிலையில் காட்டும் அளவை முழுதாக நம்பாமல் புதிய கெபாசிட்டர் ஒன்றையும் வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். முனகல் அப்படியே இருந்தது. பழையதையே திரும்பப் பொருத்திவிட்டேன். புதியது உதிரியாக அலமாரியில் இருக்கிறது.

அடுத்த சந்தேகம் பம்பின் மேல் விழுந்தது. கம்ப்ரசர் நின்றவுடன் அழுத்த சுவிட்சுக்கு அடியில் உள்ள சிறிய அன்லோடர் வால்வு திறந்து, பம்பின் தலைக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்போது கேட்கும் 'உஸ்ஸ்' ஒலி சில நொடியில் அடங்கிவிட வேண்டும். ஒலியே கேட்கவில்லை என்றால், பிஸ்டன் அடுத்த முறை அந்த அழுத்தத்தை எதிர்த்துக்கொண்டே கிளம்ப வேண்டியிருக்கும். ஒலி நிற்காமல் தொடர்ந்தால், தொட்டியின் வாயில் உள்ள செக் வால்வு கசிகிறது என்று பொருள். இங்கே மூன்று, நான்கு நொடி ஒலித்து முறையாக அடங்கியது. பெல்ட்டின் இழுவை சரி, கப்பியைக் கையால் சுழற்றினால் தடையின்றிச் சுழன்றது, ஆயில் அளவும் சரி. இயந்திரத்தில் குறையில்லை என்று முடிவானது.

இதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய அளவீட்டுக்கு வந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் வோல்டேஜை அளப்பதால் இந்தக் கோளாறு பிடிபடாது. கிளம்பும் கணத்தில் அளக்க வேண்டும். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர்கள் இரண்டும், தொடக்க மின்னோட்டத்தைப் பிடிக்கும் வசதியுள்ள கிளாம்ப் மீட்டர் ஒன்றும் இதற்குத் தேவைப்பட்டன. ஒரு மல்டிமீட்டர் பேனலில் அந்த எம்.சி.பிக்கு முன்பும், மற்றொன்று மோட்டாரின் டெர்மினல் பெட்டியிலும் இருந்தன. மின்சாரத்தை நிறுத்தி, இல்லை என்று சோதித்து உறுதி செய்து, கம்பிகளைக் கிளிப்பால் மாட்டி, கையை எடுத்த பிறகே மின்சாரம் கொடுத்தேன். மின்சாரம் ஓடும் டெர்மினலில் முள்ளைக் கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்ப்ரசரை இயக்குவது செய்யக்கூடாத வேலை.

பேனலில் லோடில்லாதபோது 228 வோல்ட் இருந்தது. கம்ப்ரசர் 6 பாரில் கிளம்பியபோது பேனலில் 216 ஆகவும் மோட்டார் டெர்மினலில் 180 ஆகவும் இறங்கியது. கிளாம்ப் மீட்டர் 62 ஆம்பியர் காட்டியது. பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் மட்டும் 36 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது.

180 வோல்ட் என்பது 230 வோல்ட்டில் 78 சதவீதம். கேட்பதற்கு அவ்வளவு மோசமாகத் தெரியாத எண்தான். ஆனால் இண்டக்‌ஷன் மோட்டாரின் தொடக்க முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.78ஐ 0.78ஆல் பெருக்கினால் 0.61. பெயர்ப்பலகை வோல்டேஜில் கிடைக்க வேண்டிய முறுக்குவிசையில் 61 சதவீதமே அந்த மோட்டாருக்குக் கிடைத்தது. அதற்கு மேல் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்டார்ட் கெபாசிட்டரையும் ஸ்டார்ட் வைண்டிங்கையும் துண்டிக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச், மோட்டார் ஏறத்தாழ முக்கால் வேகத்தை எட்டிய பிறகே திறக்கும். அந்த வேகத்தை அடைய முடியாமல் மோட்டார் தவழ்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும், சில நொடிகளுக்கு மட்டும் என்று வடிவமைக்கப்பட்ட அந்த வைண்டிங்கும் கெபாசிட்டரும் சூடேறிக்கொண்டே இருக்கும். மெல்லிய வயரால் மோட்டார் எரிவது இப்படித்தான். வயர் சூடாகாமலே, மோட்டார் எரிந்துபோகும்.

36 வோல்ட்டில் வயருக்கு எவ்வளவு பங்கு, இணைப்புகளுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பகுதி இதற்கு உதவாது; அரை ஓம் அளவை அளக்கும்போது மீட்டரின் சொந்தக் கம்பிகளே 0.2, 0.3 ஓம் காட்டும். அதனால் 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றைப் பட்டறை சாக்கெட்டில் செருகி, நிலையான லோடில் அளந்தேன். மின்னோட்டம் 8.6 ஆம்பியர், பேனலுக்கும் ஹீட்டர் முனைக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசம் 4.9 வோல்ட். வகுத்தால் 0.57 ஓம். மோட்டார் முனகும் அந்தப் பரபரப்பான நொடிகளில் கிடைத்த 36 வோல்ட்டை 62ஆல் வகுத்தாலும் 0.58தான் வந்தது. இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது. இந்த ஹீட்டர் சோதனையை, வயரிங்கைப் பற்றி ஐயம் உள்ள எவருக்கும் பரிந்துரைப்பேன்.

இழைகளாலான 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு, 20 டிகிரியில், ஒரு கிலோமீட்டருக்கு 7.98 ஓம் வரை மின்தடை இருக்கலாம் என்பது தரநிலை. இங்கே 32 மீட்டர் என்று கணக்கிடக்கூடாது. ஃபேஸில் போகும் மின்னோட்டம் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும், ஆகவே 64 மீட்டர். பெருக்கினால் 0.51 ஓம். அளந்தது 0.57. மீதமுள்ள 0.06 ஓம் எங்கே என்று தேடி சாக்கெட்டைக் கழற்றியபோது, நியூட்ரல் முனையைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. பிளக்கின் பின்னும் நிறம் மங்கிக் கிடந்தது. 0.06 ஓம் சிறியதாகத் தோன்றலாம். 15 ஆம்பியர் ஓடும்போது அது ஏறத்தாழ 13 வாட் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி ஒரு விரல் நுனி அளவுள்ள இடத்தில் நிகழ்கிறது. நீண்ட வயரில் பரவும் வெப்பத்தைவிட இந்த ஒற்றைப் புள்ளி வெப்பமே தீ விபத்துக்கு அருகில் இருப்பது.

2.5 சதுர மி.மீ. 'தாங்கும்' என்று அட்டவணை சொல்வது தவறில்லை. சுவரோரப் பைப்பில், 30 டிகிரி சூழலில், லோடு ஏறிய இரண்டு கம்பிகள் மட்டும் இருந்தால், பி.வி.சி உறையுள்ள 2.5 சதுர மி.மீ. செம்பு 24 ஆம்பியர் சுமக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே பகலில் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 0.79ஆல் பெருக்க வேண்டும். 19 ஆம்பியர் கிடைக்கிறது. 15 ஆம்பியர் மோட்டாருக்கு அதுவும் போதும். ஆனால் அந்த அட்டவணை விடை சொல்வது உறை உருகாமல் இருக்குமா என்ற கேள்விக்கு மட்டுமே. கம்பி 3 மீட்டர் நீளமா 32 மீட்டர் நீளமா என்று அது கேட்பதே இல்லை. மோட்டார் கிளம்புமா என்பது வேறு கேள்வி, அதற்கு நீளம்தான் முதல் விவரம். ஓடும் நிலையில் வோல்டேஜ் இழப்பு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கமான பரிந்துரையைக்கூட என் பழைய வயர் மீறவில்லை: 15 ஆம்பியருக்கு 0.57 ஓம் என்றால் 8.6 வோல்ட், அதாவது 3.7 சதவீதம். இரண்டு சோதனைகளிலும் தேறிய வயர், மூன்றாவதான தொடக்கச் சோதனையில் தோற்றது.

ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் தொடக்க நொடியின் வோல்டேஜை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்த்தேன். மோட்டார் நின்ற நிலையில் 180 வோல்ட்டுக்கு 62 ஆம்பியர் எடுத்தது. ஆகவே அதன் தொடக்க மின்மறுப்பு (கிளம்பும்போது மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்தத் தடை) 2.9 ஓம். பேனலுக்கு அப்பால், வெளியிலிருந்து வரும் இணைப்பில் 62 ஆம்பியருக்கு 12 வோல்ட் இறங்கியது, அது 0.2 ஓம். இவற்றோடு வயரின் மின்தடையைக் கூட்டி, 228 வோல்ட்டை அதனால் வகுத்தால் தொடக்க மின்னோட்டம் கிடைக்கும், அதை 2.9ஆல் பெருக்கினால் மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் கிடைக்கும். வோல்டேஜும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டாததால் வரும் கட்டக் கோண வித்தியாசங்களை விட்டுவிட்ட தோராயக் கணக்குதான், ஆனாலும் வயரைத் தேர்ந்தெடுக்க இது போதுமான துல்லியம் கொண்டது.

4 சதுர மி.மீ. வயருக்குக் கிலோமீட்டருக்கு 4.95 ஓம், 64 மீட்டருக்கு 0.32. மோட்டாருக்கு 193 வோல்ட் கிடைக்கும், முறுக்குவிசை 71 சதவீதம். 6 சதுர மி.மீ.க்கு 3.30 ஓம், 64 மீட்டருக்கு 0.21. மோட்டாருக்கு 200 வோல்ட், முறுக்குவிசை 75 சதவீதத்துக்குச் சற்று மேல். 10 சதுர மி.மீ.க்கு 1.91 ஓம், 64 மீட்டருக்கு 0.12. மோட்டாருக்கு 205 வோல்ட், 79 சதவீதம்.

பகலில் மட்டும் பார்த்தால் 4 போதும் என்று தோன்றியிருக்கும். மாலையில் பேனலிலேயே 215 வோல்ட்தான் இருந்தது என்பதால் எல்லா எண்களும் அதே விகிதத்தில் இறங்கும். 4 சதுர மி.மீ. வயரில் மோட்டாருக்கு 182 வோல்ட் மட்டுமே மிஞ்சும். அது ஏற்கெனவே முனகலைத் தந்த 180க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அவ்வளவு வேலை செய்து, பகல் கோளாறை மாலைக் கோளாறாக மாற்றுவதில் பொருளில்லை. 6 சதுர மி.மீ.யில் மாலையிலும் 188 வோல்ட் கிடைக்கும். 10க்குப் போனால் இன்னும் ஐந்து வோல்ட் கூடும், அவ்வளவுதான். ஏனென்றால் அந்த நிலையில் வயரில் இழப்பதைவிட வெளி இணைப்பில் இழப்பது அதிகமாகிவிடுகிறது, அதைப் பட்டறை வயரால் திருத்த முடியாது. 2.5இலிருந்து 6க்கு ஏறும்போது கிடைக்கும் இருபது வோல்ட்டுக்கும், 6இலிருந்து 10க்கு ஏறும்போது கிடைக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை.

செலவைச் செம்பின் எடையாகப் பார்ப்பது எனக்கு எளிதாக இருந்தது, வயர் விலை ஏறத்தாழ அதைத் தொடர்ந்தே ஏறி இறங்கும் என்பதால். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் சேர்த்து 96 மீட்டர். 2.5 சதுர மி.மீ.யில் அது 2.1 கிலோ செம்பு, 4இல் 3.4 கிலோ, 6இல் 5.2 கிலோ, 10இல் 8.6 கிலோ. பைப், கிளிப், உழைப்பு எல்லாம் எந்த அளவுக்கும் ஏறத்தாழ ஒன்றேதான். 10இன் இன்னொரு சிக்கல் முனைகளில் இருக்கிறது: நான் வைத்திருந்த சுவிட்ச், அழுத்த சுவிட்ச் இவற்றின் டெர்மினல்களில் 6 சதுர மி.மீ. லக் (கம்பி முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) தாராளமாக நுழைந்தது, 10 நுழையாது. இடம் போதாமல் இழைகளில் சிலவற்றை வெட்டி நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்தால் தடித்த வயர் வாங்கியதன் பயன் கடைசி சென்டிமீட்டரில் போய்விடும்.

வயர் கைக்கு வந்ததும், பைப்புக்குள் இழுப்பதற்கு முன்பே அதைச் சோதித்தேன். சரியாக ஒரு மீட்டர் வெட்டி, உறையை உரித்து, செம்பை மட்டும் சிறிய தராசில் வைத்ததில் 50 கிராம் இருந்தது. முழு 6 சதுர மி.மீ. என்றால் 54 கிராம் வர வேண்டும். 84 இழைகள், மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றும் 0.29 மி.மீ.; பரப்பளவு கணக்கிட்டால் 5.5 சதுர மி.மீ. இதைக் கண்டு முதலில் ஏமாற்றமடைந்தேன், பிறகு தெளிந்தேன்: தரநிலை கம்பியின் மின்தடைக்கே உச்சவரம்பு வைக்கிறது, பரப்பளவு என்பது அந்த வகுப்புக்குச் சூட்டிய பெயரளவு எண். சுத்தமான செம்பில் 5.5 சதுர மி.மீ. இருந்தால் மின்தடை 3.30 ஓம் வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. அதே அளவில் அதன் எடை இருபது கிராம் சொச்சம்தான் வரும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தராசு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் உண்மை இது.

பழைய 20 மி.மீ. பைப்பில் மூன்று 6 சதுர மி.மீ. கம்பிகள் நுழையும் என்றாலும், வளைவுகளில் உரசாமல் இழுப்பதற்காக 25 மி.மீ. பைப் புதிதாகப் போட்டேன். தகரக் கூரையை ஒட்டிச் சென்ற பகுதியைத் தகரத்திலிருந்து ஒரு சாண் கீழே இறக்கி, காற்று புழங்கும்படி மாற்றினேன். முதலில் ஃபிஷ் டேப்பை (கம்பியை இழுக்க உதவும் நெகிழ்வான பட்டையை) உள்ளே செலுத்தி, மூன்று கம்பிகளையும் ஒன்றாகப் பிணைத்து, டால்கம் பவுடர் தூவி, ஒருவர் ஊட்ட மற்றவர் இழுத்தோம். கிரீஸ் போட்டால் இழுப்பது எளிது, ஆனால் அது பி.வி.சி உறையைக் கெடுக்கும். கூர்மையான எல்போவைத் தவிர்த்து நீண்ட வளைவுகளையே பயன்படுத்தினோம். நடுவில் இணைப்பு எதுவும் இல்லை, ஒரே நீளம்.

இணைப்புகளில்தான் அதிக நேரம் செலவழித்தேன். மெல்லிய இழைகளாலான கம்பியை அப்படியே முறுக்கி ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்தால், ஸ்க்ரூ சில இழைகளை நசுக்கும், சில இழைகளை ஒதுக்கும், நாளடைவில் தளரும். ஒவ்வொரு முனையிலும் 6 சதுர மி.மீ.க்கான செம்பு லக்கை, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தினேன். கட்டிங் பிளையரால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. அழுத்திய பின் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்த்தேன். பிளக்கையும் சாக்கெட்டையும் முற்றிலும் நீக்கிவிட்டு, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் 32 ஆம்பியர் ஐசொலேட்டர் சுவிட்சை வைத்து, அதிலிருந்து நேரடியாகக் கம்ப்ரசருக்கு இணைத்தேன். ஐசொலேட்டருக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள ஒன்றரை மீட்டர், அதிர்வைத் தாங்க வேண்டியிருப்பதால், ரப்பர் உறையுள்ள நெகிழ்வான கேபிள். எர்த் கம்பியும் ஃபேஸ் அளவே, 6 சதுர மி.மீ.; ஃபேஸ் 16 சதுர மி.மீ. வரை உள்ளபோது எர்த்தும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதே பின்பற்ற வேண்டிய விதி. பேனலுக்குள் செய்ய வேண்டிய இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்து, எர்த் தொடர்ச்சியையும் இன்சுலேஷனையும் சோதித்துத் தந்தார்.

எம்.சி.பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறுக்குப் பலர் முதலில் கை வைப்பது அதில்தான். பி வகை எம்.சி.பி, தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும். 16 ஆம்பியர் என்றால் 48க்கும் 80க்கும் இடையில். 62 ஆம்பியர் தொடக்க மின்னோட்டம் அந்த இடைவெளியின் நடுவில் இருந்ததால்தான் சில நேரம் விழுந்தது, சில நேரம் விழவில்லை. சி வகை 5 முதல் 10 மடங்கில் விழும். 20 ஆம்பியர் சி வகை என்றால் 100 ஆம்பியருக்குக் கீழே உடனே விழாது. பழைய 2.5 வயரை வைத்துக்கொண்டே இந்த எம்.சி.பியை மட்டும் மாற்றியிருந்தால், விழுவது நின்றிருக்கும், மோட்டார் முனகுவது நின்றிருக்காது. வைண்டிங்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு தடையும் போயிருக்கும். அதோடு, கூரைக்குக் கீழே 19 ஆம்பியர் மட்டுமே சுமக்கக்கூடிய வயருக்கு 20 ஆம்பியர் எம்.சி.பி பாதுகாப்பாகாது. 6 சதுர மி.மீ. அதே வெப்பத்தில் 32 ஆம்பியர் சுமக்கும் என்பதால் இப்போது 20 ஆம்பியர் சி வகை வைப்பதில் தடையில்லை. 30 மில்லிஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு முன்பு போலவே இருக்கிறது.

முடிவை அதே வரிசையில், அதே மீட்டர்களால் அளந்தேன். ஹீட்டர் சோதனையில் 8.6 ஆம்பியருக்கு 1.9 வோல்ட் வித்தியாசம், 0.22 ஓம். கணக்கில் வந்தது 0.21. 6 பாரில் கம்ப்ரசர் கிளம்பும்போது பேனலில் 214, மோட்டாரில் 199 வோல்ட். தொடக்க மின்னோட்டம் 69 ஆம்பியர். மின்னோட்டம் கூடியிருக்கிறது என்பது முதல் பார்வைக்கு முரணாகத் தெரியலாம். மோட்டாருக்கு வோல்டேஜ் கூடுதலாகக் கிடைத்தால் அது கூடுதலாகத்தான் இழுக்கும், ஆனால் மூன்று நொடிக்குப் பதிலாக ஒரு நொடிக்கும் குறைவாக இழுக்கும். வைண்டிங் சூடேறுவதை முடிவு செய்வது அந்த நேரமே. ஓடும் நிலையில் வயரில் வீணாகும் மின்சாரமும் 128 வாட்டிலிருந்து 50 வாட்டாகக் குறைந்தது. இடைவிடாமல் காற்று செலவழித்து வேலை செய்த பிறகு ஐசொலேட்டரின் டெர்மினல்களை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபோது, சுற்றுப்புற வெப்பத்தைவிட ஓரிரு டிகிரியே கூடுதலாக இருந்தது. சில வாரம் ஓடிய பின் மின்சாரத்தை நிறுத்தி எல்லா ஸ்க்ரூக்களையும் மறுபடி முறுக்கிப் பார்த்தேன். ஐசொலேட்டரில் ஒன்று கால் சுற்று ஏற்றுக்கொண்டது.

மறுபடி முதலிலிருந்து செய்ய வாய்ப்புக் கிடைத்தால், கெபாசிட்டர் வாங்குவதற்கு முன்பே மோட்டார் டெர்மினலில் தொடக்க வோல்டேஜை அளப்பேன். அதைவிட முக்கியமாக, கம்ப்ரசரைப் பட்டறைக்குள் வைக்காமல் பேனலுக்கு அருகில், மழை படாத, காற்றோட்டமுள்ள ஓரிடத்தில் வைத்து, அங்கிருந்து பட்டறைக்குக் காற்றுக் குழாய் போடுவதை முதலில் யோசிப்பேன். காற்றை 32 மீட்டர் கொண்டுபோவது, மின்னோட்டத்தைக் கொண்டுபோவதைவிட இந்த மோட்டாருக்கு நல்லது: குழாயின் விட்டம் போதுமானதாக இருந்தால் இழப்பு சிறிது, அந்த இழப்பு மோட்டார் கிளம்புவதைத் தொடவும் செய்யாது. எக்ஸ்டென்ஷன் கேபிளில் கம்ப்ரசரை ஓட்டுபவர்களுக்கும் இதையே சொல்வேன். மின்சாரக் கேபிளைச் சுருக்கிக்கொண்டு காற்று ஹோஸை நீட்டிக்கொள்ளுங்கள். குழாயில் நீர் தேங்கும், அதற்குச் சரிவும் வடிகால் வால்வும் வைக்க வேண்டும், சத்தம் பட்டறையை விட்டு வெளியே போகும் என்பது கூடுதல் நன்மை. என் இடத்தில் பேனலுக்கு அருகே அப்படி ஒரு மூலை இல்லாததால்தான் வயரை மாற்றினேன்.

பைப்பை 32 மி.மீ. ஆகப் போட்டிருக்கலாம் என்றும் நினைக்கிறேன். பின்னாளில் மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு மாறினால் கூடுதல் கம்பி வேண்டும், அப்போது இந்த 25 மி.மீ. பைப்பில் இழுப்பது சிரமம்.

வெளி இணைப்பில் இறங்கும் 14 வோல்ட் அப்படியே இருக்கிறது. மாலையில் 215 வோல்ட் இருக்கும்போது மோட்டார் கிளம்ப ஒன்றரை நொடி எடுத்துக்கொள்கிறது. கிளம்பிவிடுகிறது, ஆனால் மிச்சம் அதிகமில்லை. அதற்காக அடுத்து, வேகம் பிடிக்கும் வரை பம்பின் தலையைத் திறந்தே வைத்திருக்கும் தாமத அன்லோடர் ஒன்றைப் பொருத்த இருக்கிறேன். அழுத்த சுவிட்சின் கீழ் எல்லையையும் 6 பாரிலிருந்து ஐந்தரைக்கு இறக்கி, மோட்டார் கிளம்பும் தடவைகளைக் குறைக்கப் போகிறேன்.